கோல் விழுந்தால் பழி யாருக்கு?

(முன்னாள் மாணவர் சந்திப்பின் இரண்டாம் நாள் காலை அமர்வில் ஆற்றிய உரை. பேசியபடியே, சிறு திருத்தங்களுடன்.)

செயலாளர் அண்ணன் போனில் கூப்பிட்டு, "நீ பேசணும்ப்பா, உன் துறை சம்பந்தமா இருக்கட்டும்" என்றார். "மின்சாரப் பாதுகாப்பு ரிலேக்களைப் பத்திப் பேசட்டுமாண்ணே?" என்று கேட்டேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "நீ காலேஜ் டீம்ல ஃபுட்பால் ஆடினவன்தானே, அதைப் பத்திப் பேசேன்" என்றார். ஆகவே இப்போது கால்பந்து என்ற பெயரில் ரிலேக்களைப் பற்றித்தான் பேசப் போகிறேன். அண்ணன் மன்னிக்க வேண்டும்.

ஒரு டீம் தொடர்ந்து கோல் வாங்கிக்கொண்டே இருக்கிறது என்று வையுங்கள். யார் காரணம்? இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாத ஒரு ஆளை நான் இதுவரை சந்தித்ததில்லை. "கோலி சரியில்ல" என்பது முதல் பதில். "ஸ்டாப்பர் பேக் தூங்கிட்டான்" என்பது இரண்டாவது. கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் கோச்சைத் திட்டுவார்கள். இன்னும் விவரம் தெரிந்தவர்கள் முதலாளியைத் திட்டுவார்கள். ஃபார்வர்டைத் திட்டுகிறவரை மட்டும் நான் பார்த்ததே கிடையாது. இத்தனைக்கும் பல நேரங்களில் திட்டு அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

நான் லிவர்பூல் ரசிகன். விடுதி டி.வி. ஹாலில் ரிமோட்டுக்குச் சண்டை போட்ட நாளில் பிடித்த நோய் இது, மருந்து கிடையாது. இங்கே பாதிப் பேர் மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர்கள் என்று தெரியும். உங்கள் டீமின் தடுப்பாட்டத்தைப் பற்றிப் பேச எனக்குக் கொடுத்த இருபது நிமிடம் போதாது. அதனால் என் வீட்டு ஓட்டையைப் பற்றியே பேசிவிடுகிறேன்.

2013-14 பருவம். பிரெண்டன் ராஜர்ஸ் பயிற்சியாளர். சுவாரெஸ், ஸ்டர்ரிட்ஜ், ஸ்டெர்லிங் முன்னால். 38 ஆட்டத்தில் லிவர்பூல் 101 கோல் அடித்தது. சாம்பியன் ஆன மான்செஸ்டர் சிட்டி 102. கிட்டத்தட்ட சமம். ஆனால் வாங்கியது? சிட்டி 37, லிவர்பூல் 50. புள்ளியில் வித்தியாசம் இரண்டே இரண்டு: 86-க்கு 84. இந்தப் பருவத்தைப் பற்றி யாரைக் கேட்டாலும் என்ன சொல்லுவார்கள்? 2014 ஏப்ரல் 27, செல்சிக்கு எதிராக ஜெரார்ட் வழுக்கினார், டெம்பா பா பந்தை எடுத்துக்கொண்டு போய் அடித்தார், கோப்பை போயிற்று. அவ்வளவுதான் கதை. எட்டு நாள் கழித்து கிரிஸ்டல் பேலஸ் மைதானத்தில் 3-0 என்று முன்னால் இருந்துவிட்டு, 79-வது நிமிடத்துக்கும் 88-வது நிமிடத்துக்கும் இடையே மூன்று கோல் வாங்கி சமன் ஆனதைக்கூடப் பலர் மறந்துவிட்டார்கள். ஒரு வருடம் முழுக்க ஒழுகிய கூரை. பழி கடைசியாக விழுந்த ஒரு சொட்டின் மேல்.

இப்போது முக்கியமான கட்டத்துக்கு வருகிறேன். 2015 அக்டோபரில் யூர்கன் க்ளாப் வந்தார். முன்னால் போய் விரட்டிப் பந்தைப் பறிக்கிற ஆட்டம். கண்ணுக்கு விருந்து. ஆனால் பின்னால் அதே பழைய கதை. 2017-18 பருவத்தின் முதல் ஒன்பது லீக் ஆட்டங்களில் 16 கோல் வாங்கினோம். வாட்ஃபோர்டில் 3-3, கடைசி நிமிடத்தில் கார்னரிலிருந்து. சிட்டியிடம் 5-0. அக்டோபர் 22, வெம்ப்ளியில் டாட்டனமிடம் 4-1.

அந்த வெம்ப்ளி ஆட்டத்தைக் கொஞ்சம் பார்ப்போம். 4-வது நிமிடத்தில் கேன் ஒன்று. 12-வது நிமிடத்தில் இரண்டாவது: டாட்டனம் கோல்கீப்பர் லோரிஸ் கையால் பந்தை எறிகிறார், நம்முடைய டேஜான் லோவ்ரன் தலையால் அடிக்க எழும்பித் தவறுகிறார், கேன் பந்தை எடுத்துக்கொண்டு ஓடி, சோனுக்குக் கொடுக்க, கோல். 31-வது நிமிடத்தில் க்ளாப் லோவ்ரனை வெளியே எடுத்துவிட்டார். காயம் இல்லை. ஆட்டம் சரியில்லை என்பதற்காக, பாதி நேரம்கூட ஆகாமல், உலகமே பார்க்க. அந்த மனிதர் மைதானத்தை விட்டு நடந்து வந்த காட்சியைப் பார்த்தவர்களுக்கு இரண்டாவது கருத்துக்கே இடமில்லை. குற்றவாளி கிடைத்துவிட்டார். தண்டனையும் கொடுத்தாகிவிட்டது.

லோவ்ரன் தப்பு செய்தார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் நான் ஒரு பொறியாளன். ஒரு பாகம் உடைந்தால், "இது ஏன் உடைஞ்சுது?" என்று கேட்பதோடு, "இவ்வளவு சுமை இது மேல எப்படி வந்துது?" என்றும் கேட்கப் பழக்கப்பட்டவன். கேட்டுப் பார்ப்போமே.

முதல் விஷயம், ஜூன் மாதம். சவுத்தாம்ப்டன் கிளப்பிலிருந்து வெர்ஜில் வான் டைக்கை எடுக்க லிவர்பூல் முயன்றது. சவுத்தாம்ப்டன் ஆட்சேபித்தது. 2017 ஜூன் 7 அன்று லிவர்பூல் பகிரங்கமாக வருத்தம் தெரிவித்து விலகிக்கொண்டது. சரி, அவர் இல்லை என்றால் வேறொருவர்? இல்லை. அந்தக் கோடையில் சலா வந்தார், ராபர்ட்சன் வந்தார், ஆக்ஸ்லேட்-சேம்பர்லின் வந்தார். சென்டர் பேக் ஒருவர்கூட வரவில்லை. 'கிடைத்தால் அவர், இல்லையென்றால் யாரும் வேண்டாம்' என்பது அலுவலகத்தில் எடுத்த முடிவு. அந்த முடிவின் விலையை வெம்ப்ளியில் 31 நிமிடம் ஒருவர் கட்டினார். அலுவலகத்தை யாரும் 31-வது நிமிடத்தில் மாற்றவில்லை.

இரண்டாவது, ஆட்ட முறை. க்ளாப்பின் டீமில் பின்வரிசை மைதானத்தின் நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கும். எதிரியை ஆஃப்சைடில் வைக்கலாம், களத்தைச் சுருக்கலாம். ஆனால் அவர்களுக்குப் பின்னால் கோல் வரைக்கும் நாற்பது மீட்டர் வெற்று நிலம். அது ஆபத்தில்லை, எதுவரைக்கும்? பந்து வைத்திருக்கிற எதிரி தலை நிமிர்ந்து பார்க்க நேரம் கிடைக்காதவரைக்கும். நம்முடைய ஃபார்வர்ட் ஒரு நொடி தாமதமாக விரட்டினால், அவர் நிமிர்ந்து பார்ப்பார். பார்த்தால் பந்தைத் தூக்கிப் போடுவார். நன்றாக ஓடக்கூடிய ஒருவர் முழு வேகத்தில் நொடிக்கு எட்டு, ஒன்பது மீட்டர் ஓடுவார். முன்னால் தொலைத்த ஒரு நொடி பின்னால் எட்டு மீட்டராக வந்து நிற்கும். டி.வி.யில் நாம் பார்ப்பது அந்த எட்டு மீட்டர் பின்னால் மூச்சிரைக்க ஓடுகிற ஸ்டாப்பர் பேக்கை. தொலைந்த நொடி காமிராவில் வராது.

மூன்றாவது, அந்த ஐந்து கோல். சிட்டியிடம் வாங்கியது. ஆட்டம் 1-0 என்று இருந்தபோது, 37-வது நிமிடத்தில் மானே காலைத் தலை உயரத்துக்குத் தூக்கி சிட்டி கோல்கீப்பர் எடர்சனின் முகத்தில் பட, சிவப்பு அட்டை. மீதி நான்கும் பத்துப் பேரோடு ஆடி வாங்கியவை. மானே யார்? ஃபார்வர்ட். ஆனால் மறுநாள் கணக்கில் அது 'டிஃபென்ஸ் வாங்கிய ஐந்து' என்றுதான் ஏறியது.

இனி நான் உங்களுக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். பழைய முடிவுகளைக் காகிதத்தில் எழுதிக் கூட்டிப் பார்த்தால் யாருக்கும் கிடைக்கும். வான் டைக் 2018 ஜனவரியில் வந்தார், ஏழரைக் கோடி பவுண்டுக்கு. அன்றைக்கு ஒரு தடுப்பாட்டக்காரருக்கு உலகத்திலேயே அதிக விலை. அவர் வந்தார், ஓட்டை அடைந்தது. இதுதானே நாம் எல்லோரும் சொல்கிற கதை? நானும் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டு திரிகிற கதை. கணக்கு என்ன சொல்லுகிறது? முதல் 9 லீக் ஆட்டத்தில் 16 கோல். அடுத்த 13 ஆட்டத்தில், அதாவது டாட்டனம் தோல்விக்குப் பிறகு புத்தாண்டு நாள் வரை, வான் டைக் ஒரு நிமிடம்கூட ஆடாமல், 9 கோல். மீதி 16 ஆட்டத்தில் 13 கோல். கூட்டினால் 38. ஆக, ஆட்டத்துக்குக் கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் கோல் வாங்கிக்கொண்டிருந்த டீம், அவர் வருவதற்கு முன்பே முக்கால் கோலுக்கும் கீழே இறங்கிவிட்டது!

தம்பிகள் சிலர் முறைக்கிறீர்கள். வான் டைக் சாதாரண ஆட்டக்காரர் என்று நான் சொல்லவில்லை. அவர் மாதிரி ஒருவரை இனி எப்போது பார்ப்போமோ. நான் சொல்வது வேறு. முதல் ஒன்பதில் சிட்டி, ஆர்சனல், யுனைடெட், டாட்டனம் எல்லாம் அடுத்தடுத்து வந்தார்கள். அடுத்த பதின்மூன்றில் பெரிய டீம் என்றால் செல்சியும் ஆர்சனலும் மட்டும்தான். அந்த ஆர்சனல் ஒரே ஆட்டத்தில் மூன்று போட்டது. இடது பக்கம் மொரேனோவுக்குக் காயம் பட்டு, டிசம்பரிலிருந்து ராபர்ட்சன் வந்தார். அவர் எட்டு லட்சமோ எண்பது லட்சமோ பவுண்டு விலைக்காரர் என்று அன்றைக்கு யாரும் கவனிக்கவே இல்லை. இப்படிச் சின்னச் சின்னதாக ஆறேழு சமாசாரம் மாறியிருக்கிறது. சோதனைக்கூடத்தில் ஒரே நேரத்தில் ஆறு திருகை மாற்றிவிட்டு, 'கடைசித் திருகுதான் காரணம்' என்று ரிக்கார்டில் எழுதினால் நம்முடைய லேப் சார் என்ன செய்வார்? நோட்டு ஜன்னல் வழியாகப் போகும்.

அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டம், 2018 மே 26, கீவ் நகரில் சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டி. ரியல் மாட்ரிட் 3, லிவர்பூல் 1. கோல்கீப்பர் லோரிஸ் காரியஸ். 51-வது நிமிடத்தில் அவர் கையால் உருட்டிய பந்தைப் பென்சமா காலை நீட்டிக் கோலாக்கினார். 83-வது நிமிடத்தில் தூரத்திலிருந்து பேல் அடித்த பந்து அவர் கையில் பட்டு உள்ளே போனது. பிறகு, பாஸ்டனில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை மருத்துவர்கள் பரிசோதித்து, ஆட்டத்தின்போது அவருக்குத் தலையில் அதிர்ச்சிக் காயம் ஏற்பட்டிருந்தது என்றும், அது அவருடைய பார்வைத் திறனைப் பாதித்திருக்கக்கூடும் என்றும் சொன்னார்கள். முதல் தவறுக்குச் சற்று முன்னால்தான் ராமோஸின் முழங்கை அவர் தலையில் இடித்திருந்தது. இதை உலகம் எப்படி எடுத்துக்கொண்டது? சிரித்தது. "தோத்துட்டு சாக்கு சொல்றான் பாரு" என்று என்னோடு வேலை பார்க்கிறவரே சொன்னார். காரியஸ் அதற்குப் பிறகு லிவர்பூலுக்காக ஒரு அதிகாரப்பூர்வ ஆட்டமும் ஆடவில்லை. கிளப் அலிசனை வாங்கியது. நடுக்களத்துக்கு ஃபபின்யோ வந்தார். 2018-19-ல் 38 ஆட்டத்தில் 22 கோல்தான்.

இங்கேதான் ரிலே வருகிறது. எலக்ட்ரிகல் தம்பிகள் மட்டுமாவது விழித்துக்கொள்ளுங்கள். ஒரு மின்பாதையில் கோளாறு ஏற்பட்டால், கோளாறுக்கு மிகப் பக்கத்தில் இருக்கிற ரிலே முதலில் செயல்பட்டு அந்த இடத்தை மட்டும் துண்டிக்க வேண்டும். அது தவறினால், 0.3 அல்லது 0.4 நொடி காத்திருந்து அதற்கு மேலே இருக்கிறது செயல்படும். அதுவும் தவறினால் இன்னும் மேலே. கடைசியில் இருப்பது செயல்பட்டால் ஊரே இருட்டு. ஊர் ஜனம் யாரைத் திட்டும்? கடைசியாக அணைந்த சப்ஸ்டேஷனை. அதில் பாவம் அது தன் வேலையைச் செய்திருக்கும். விசாரிக்கிற பொறியாளர் மட்டும் கீழே இறங்கிப் போய், "முதல் ரிலே ஏன் செயல்படல?" என்று கேட்பார். கால்பந்தில் முதல் ரிலே ஃபார்வர்ட். இரண்டாவது நடுக்களம். மூன்றாவது பின்வரிசை. கோல்கீப்பர் கடைசி. முதல் இரண்டும் தவறின விவரம் ஸ்கோர்போர்டில் வராது.

நான் வேலை பார்த்த ஒரு இடத்தில், பெயர் வேண்டாம், ஒரு நாள் இரவு பெரிய மின்தடை. பல மணி நேரம் உற்பத்தி நின்றது. மறுநாள் காலை பத்து மணிக்கெல்லாம் இரவு ஷிப்ட் ஆபரேட்டரைத் தற்காலிக வேலை நீக்கம் செய்துவிட்டார்கள். ரிலேயின் உள்ளே பதிவாகியிருக்கிற நிகழ்வுப் பட்டியலை எடுத்துப் படித்தது ஒன்பதாவது நாள். இரண்டு மாதத்துக்கு முன்னால் வேறு வேலைக்காக வந்தவர்கள் செட்டிங்கை மாற்றிவிட்டுத் திரும்ப வைக்காமல் போயிருந்தார்கள். ஆபரேட்டருக்கு வேலை திரும்பக் கிடைத்தது. ஆனால் அந்த ஒன்பது நாளில் அவர் குடியிருந்த தெருவுக்கெல்லாம் செய்தி போய்விட்டது. அதை எந்த ரிலேயும் ரீசெட் செய்யாது.

சரி, லிவர்பூலுக்குத் திரும்புவோம். 2020 அக்டோபர் 4, ஆஸ்டன் வில்லாவிடம் 7-2. பின்வரிசையில் வான் டைக் இருந்தார் என்பதைக் கவனியுங்கள். அலிசன்தான் இல்லை. பதின்மூன்று நாள் கழித்து எவர்ட்டன் ஆட்டத்தில் வான் டைக்குக்கு முழங்கால் போயிற்று. நவம்பரில் கோமெஸ். ஜனவரி இறுதியில் மாட்டிப். மூன்று சென்டர் பேக்கும் காலி. க்ளாப் என்ன செய்தார்? நடுக்களத்திலிருந்து ஃபபின்யோவையும் ஹெண்டர்சனையும் பின்னால் இழுத்தார். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். ஓட்டை தெரிகிற இடத்தில் நல்ல பலகையை அடிப்பதுதானே இயல்பு.

அதன் பிறகு லிவர்பூல் சொந்த மைதானத்தில் தொடர்ந்து ஆறு லீக் ஆட்டம் தோற்றது. கிளப்பின் சரித்திரத்தில் அதற்கு முன் நடக்காதது. "டிஃபென்ஸ் இல்ல, அதான்" என்று எல்லோரும் சொன்னோம். ஆனால் அந்த ஆறு முடிவையும் வரிசையாகப் படித்துப் பாருங்கள். பர்ன்லி 0-1. பிரைட்டன் 0-1. சிட்டி 1-4. எவர்ட்டன் 0-2. செல்சி 0-1. ஃபுல்ஹாம் 0-1. நான்கு ஆட்டத்தில் பின்வரிசை வாங்கியது தலா ஒன்றே ஒன்று! ஆறு ஆட்டத்தில் முன்வரிசை அடித்தது, அதுவும் பெனால்டியில், ஒன்றே ஒன்று! பின்னால் அடித்த பலகை நடுக்களத்திலிருந்து பிடுங்கியது. அங்கே ஓட்டை விழுந்ததால் பந்து முன்னால் போகவே இல்லை. நோய் ஒரு இடம், வலி இன்னொரு இடம்.

மார்ச்சில் ஃபபின்யோ நடுக்களத்துக்குத் திரும்பினார். பின்னால் யார்? நேட் பிலிப்ஸ், கபாக். கடைசிச் சில ஆட்டங்களில் பிலிப்ஸோடு ரீஸ் வில்லியம்ஸ் என்ற இளைஞர். வில்லியம்ஸ் அதற்கு முந்தைய பருவத்தில் கிடர்மின்ஸ்டர் என்ற சின்ன ஊர் டீமுக்கு, இங்கிலாந்தின் ஆறாவது படியில், இரவல் ஆட்டக்காரராக ஆடிக்கொண்டிருந்தவர். கடைசி பத்து லீக் ஆட்டத்தில் எட்டு வெற்றி, இரண்டு சமன், வாங்கியது ஆறே கோல். லீக்கில் மூன்றாம் இடம். நடுவில் வெஸ்ட் பிராம்விச் ஆட்டத்தில் கோல்கீப்பர் அலிசனே கடைசி நேரத்தில் முன்னால் ஓடி வந்து தலையால் அடித்துக் கோல் போட்டு ஜெயிக்க வைத்தார். அந்த இரவு நான் போட்ட கூச்சலில் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்துவிட்டார். அது இந்த உரைக்குச் சம்பந்தம் இல்லை. ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இன்னொரு எண்ணையும் சொல்லிவிடுகிறேன். 2021-22-ல் லீக்கில் வாங்கியது 26. அடுத்த பருவம் 2022-23-ல் 47. அதே அலிசன், அதே வான் டைக், அதே ராபர்ட்சன். கிளப் 2023 கோடையில் மாற்றியது எதை? பின்வரிசையை அல்ல. நடுக்களத்தை, ஏறக்குறைய முழுவதுமாக. அந்த ஒரு முடிவிலேயே அவர்கள் யாரைக் காரணம் என்று நினைத்தார்கள் என்பது தெரிகிறது.

ஆக யார்தான் பொறுப்பு என்று கேட்டால், என் பதில் இது. 2017-ல் நடந்ததற்கு முதல் பங்கு ஆட்களை எடுத்தவர்களுக்கும் ஆட்டத்தை வகுத்தவர்களுக்கும். அதாவது க்ளாப்புக்கும் சேர்த்துத்தான். எனக்கு மிகவும் பிடித்த மனிதர் என்பதற்காக அவரை விட்டுவிட முடியாது. அடுத்த பங்கு விரட்ட மறந்த முன்வரிசைக்கு. லோவ்ரனுக்கு உள்ள பங்கு அவர் தலை தவறின அந்த ஒரு பந்து. சொல்லப்போனால் அதே லோவ்ரன்தான் ஏழு மாதம் கழித்து வான் டைக்குக்குப் பக்கத்தில் நின்று சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டமும், ஜூலையில் குரோவேஷியாவுக்காக உலகக் கோப்பை இறுதி ஆட்டமும் ஆடினார்.

எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை. 1950 ஜூலை 16, ரியோவின் மரக்கானா மைதானம். சமன் செய்தால் போதும், பிரேசில் உலக சாம்பியன். அதற்கு முந்தைய இரண்டு ஆட்டத்தில் ஸ்வீடனுக்கு ஏழும் ஸ்பெயினுக்கு ஆறும் போட்டிருந்தார்கள். உருகுவேயிடம் 2-1 என்று தோற்றார்கள். உருகுவேயின் இரண்டு கோலுமே கிஜ்ஜா ஒரே பக்கமாகப் புகுந்து வந்ததால் விழுந்தவை. முதல் முறை அவர் பந்தை நடுவே தள்ள, ஸ்கியாஃபினோ அடித்தார். இரண்டாம் முறை, மறுபடி நடுவே தள்ளுவார் என்று கோல்கீப்பர் பார்போசா ஒரு அடி நகர்ந்தார். கிஜ்ஜா நேராகவே அடித்துவிட்டார். அந்தப் பக்கம் ஒரு முறை உடைந்த பிறகு அதை அடைக்க யாரும் வரவில்லையே, ஏன்? சமன் போதும் என்கிறபோது டீம் ஏன் பின்னால் இறங்கவில்லை? இதெல்லாம் கேள்வி. ஆனால் பழி மூன்று பேர் மேல் விழுந்தது: பார்போசா, பிகோடே, ஜுவெனால். மூவரும் கறுப்பின ஆட்டக்காரர்கள் என்பது தற்செயல் என்று பிரேசிலிலேயே பலர் நம்பவில்லை. பார்போசா 2000-ல் இறந்தார். ஐம்பது வருடம், ஒரு அடிக்கு.

கொலம்பியாவின் ஆந்த்ரேஸ் எஸ்கோபாரை இங்கே மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். 1994 உலகக் கோப்பையில் அமெரிக்காவுக்கு எதிராகத் தன் கோலிலேயே பந்தைத் தள்ளியவர். பத்து நாளில், ஜூலை 2 அன்று, மெடலின் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். மேலே சொல்ல மனசு வரவில்லை.

இதையெல்லாம் நான் ஏன் இங்கே நின்று சொல்லுகிறேன் என்று சிலருக்குப் புரிந்திருக்கும். போன மாதம் மண்டலப் போட்டிக் காலிறுதியில் நம் கல்லூரி 4-1 என்று தோற்றது. நேற்று மத்தியானம் சாப்பாட்டுப் பந்தியில் மூன்றாம் வருட மாணவர்கள் சொன்னார்கள். எல்லோருக்கும் ஒரே பதில்தான்: "கோலி சார். சொதப்பிட்டான்." அவனைப் பற்றி வாட்ஸ்அப்பில் படம் படமாகப் போட்டிருக்கிறீர்கள். எனக்கும் காட்டினீர்கள். சில படங்களுக்கு நானே சிரித்துவிடும் அளவுக்குத் திறமையாகத்தான் செய்திருக்கிறீர்கள். ஆனால் அந்தத் தம்பி மூன்று வாரமாக மைதானத்துக்கு வரவில்லையாமே. மெஸ்ஸுக்கும் எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகுதான் வருகிறானாம்.

நேற்று ராத்திரி அந்த ஆட்டத்தின் வீடியோவை வாங்கி இரண்டு முறை பார்த்தேன். முதல் கோல்: கார்னர். அடித்த பையன் பக்கத்தில் நம் ஆள் ஒருவர்கூட இல்லை. இரண்டாவது: நம்முடைய த்ரோ-இன், நாமே பந்தைத் தொலைத்தோம், ஆறு பேர் முன்னால் நின்று இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது கோலி தப்பு. கையில் வந்த பந்தை விட்டான். அதை மறைக்க வேண்டியதில்லை, அவனுக்கே தெரியும். நான்காவது, சமன் செய்ய எல்லோரும் மேலே போய்விட்ட பிறகு, இரண்டு பேர் அவனை நோக்கித் தனியாக வந்தார்கள். எந்தக் கோலியும் ஒன்றும் செய்திருக்க முடியாது. நான்கில் ஒன்று. மீதி மூன்றுக்கு யார் படம் போடப் போகிறீர்கள்?

அண்ணன்மார்கள் பக்கமும் திரும்ப வேண்டியிருக்கிறது. இந்த டீமுக்குத் தனி பயிற்சியாளர் இல்லை. பி.டி. சார் ஒருவரே கபடி, வாலிபால், தடகளம், கால்பந்து எல்லாம் பார்க்கிறார். கார்னர் வரும்போது யார் யாரைப் பிடிக்க வேண்டும் என்று அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க ஆள் கிடையாது. நாம் என்ன கொடுத்தோம்? ஜெர்சி கொடுத்தோம், முதுகில் சங்கத்தின் பெயரோடு. இப்போது மைதானத்துக்கு நுழைவு வளைவு கட்டத் தீர்மானம் வந்திருக்கிறது. வளைவு அழகாகத்தான் இருக்கும். ஆனால் அது கார்னரில் ஆளைப் பிடிக்காது. அந்தத் தொகையைப் பிரித்து, வாரத்துக்கு மூன்று நாள் வந்து போகிற ஒரு பயிற்சியாளருக்கு இரண்டு வருடச் சம்பளம் என்று வைக்கலாம் என்பது என் யோசனை. பிற்பகல் பொதுக்குழுவில் இதை எழுத்தில் கொடுக்கப் போகிறேன். ஆதரிக்கிறவர்கள் கையெழுத்துப் போடுங்கள். எதிர்க்கிறவர்கள் காரணம் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

நாளைக் காலை ஊருக்குப் புறப்படுவதற்கு முன், ஆறு மணிக்கு, பழைய டீமில் நாங்கள் ஏழு பேர் மைதானத்துக்கு வருகிறோம். வயிறு முன்னால் வந்துவிட்டது, ஆனாலும் வருகிறோம். டீம் தம்பிகள் எல்லோரும் வர வேண்டும். முதல் ஒரு மணி நேரம் கார்னர் மட்டும்தான். கேப்டன் தம்பி, கோலியை அவன் ரூமுக்கு நீயே போய்க் கூட்டிக்கொண்டு வா. போன் பண்ணாதே, நேரில் போ.